புதிய வீட்டில் இரு பூனைக்குட்டிகள்

பாடம் 6 – உரைநடை

நுழையும்முன்

புதிய ஊர், புதிய பள்ளி, புரியாத மொழி. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் இவற்றை எதிர்கொண்ட மாணவர்கள் இவ்வகுப்பில் பலர் இருப்பீர்கள். முதல் நாளிலேயே வகுப்பு முழுவதும் சூழ்ந்து நின்று உங்களை வினவியிருந்தால், ஒதுங்கி நிற்க ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கியிருப்பீர்கள். தாயைப் பிரிந்து புதிய வீட்டுக்கு வரும் பூனைக்குட்டியின் நிலையும் அத்தகையதே. அதற்கு முதலில் வேண்டுவது கொஞ்சுதல் அன்று. பாதுகாப்பான ஒரு சிறிய இடமும், பழகிக்கொள்ளப் போதிய காலமுமே ஆகும். அவற்றை நாம் எவ்வாறு அளிப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தில்லி போன்ற ஒரு வடஇந்திய நகரில், மூன்றாம் தளத்தில் உள்ள இரண்டறைக் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் வேளையில், இரண்டு மாத வயதுடைய இரு குட்டிகள் அங்கு வருகின்றன எனக் கொள்வோம்.

1. அழைத்து வருவதற்கு முன்

பூனைக்குட்டி கண்மூடிய நிலையில் பிறக்கிறது. பிறந்து 7 முதல் 14 நாள்களில் கண் திறக்கிறது. ஏறத்தாழ 4 வாரத்தில் மென்மையான உணவைச் சுவைக்கத் தொடங்கி, 8 வாரத்தில் பால்குடி மறக்கிறது. இவ்விடைப்பட்ட காலத்தில் அது கற்கும் பாடங்கள் பல. விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை உடன்பிறந்த குட்டிகளிடம் கற்கிறது; உடலைத் தூய்மை செய்வதையும் கழிவை மூடுவதையும் தாயைப் பார்த்துப் பழகுகிறது. ஆதலால், 8 வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது.

மாடிப்படியின் அடியிலோ தோட்டத்துப் புதரிலோ குட்டிகள் தனித்துக் கிடப்பதைக் காண்பீர்கள். உடனே அவற்றைத் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய்ப்பூனை இரை தேடச் சென்றிருக்கலாம். குட்டிகள் தூய்மையாகவும் வயிறு நிறைந்தும் அமைதியாக உறங்கினால், தாய் அருகில்தான் இருக்கிறது என்று உணரலாம். விலகி நின்று, சில மணி நேரம் கவனித்துப் பெரியவர்களிடம் கூறுவதே முறை.

குட்டியை வளர்ப்பது வீட்டார் அனைவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே குட்டியை அழைத்து வருதல் வேண்டும்.

அ. வீட்டில் எவருக்கேனும் பூனை முடியால் ஒவ்வாமை உண்டா?
ஆ. நாள்தோறும் உணவு வைப்பவர் யார்? கழிவை அகற்றுபவர் யார்?
இ. பூனை புலால் உண்ணும் உயிரினம். அதற்குரிய உணவை வீட்டில் வைக்க அனைவரும் இசைகின்றனரா?
ஈ. கோடை விடுமுறையில் நாம் அனைவரும் ஊருக்குச் சென்றிருக்கும் நாள்களில் அதனைப் பேணுபவர் யார்?

இயன்றால் ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளைச் சேர்த்து அழைத்து வருவது நன்று. நீங்கள் பள்ளியிலும் பெற்றோர் அலுவலகத்திலும் இருக்கும் பகற்பொழுதில் அவை ஒன்றுக்கொன்று துணையாகும்.

2. வீட்டைச் சோதித்தல்

குட்டி வருவதற்கு முன், தரையில் அமர்ந்து, அதன் கண் மட்டத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தென்படாத இடர்கள் பல அப்போது புலப்படும்.

உயரம்: மூன்றாம் தளத்துப் பால்கனியின் கம்பிகளுக்கு இடையே குட்டி எளிதில் நுழைந்துவிடும். பால்கனிக்கும் சன்னல்களுக்கும் உறுதியான வலை அடித்தல் வேண்டும். வலை அமைக்கும்வரை கதவு மூடியே இருக்கட்டும். பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்பர். காலூன்றி விழுந்தாலும், உயரத்திலிருந்து விழும் பூனைக்கு எலும்பு முறிவும் நுரையீரல் காயமும் ஏற்படும்.

நூல்: நம் வீடுகளில் பூத்தொடுக்கும் நூல், தையல் ஊசியில் கோத்த நூல், ரப்பர் வளையம் ஆகியவை அங்கங்கே கிடக்கும். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. வாய்க்குள் சென்ற நூலைத் துப்புவது அதற்கு அரிது, விழுங்கிவிடும். அந்நூல் குடலைச் சுருட்டி இழுத்து உயிருக்கே ஊறு செய்யும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் அதனை இழுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வேதிப்பொருள்: தரை துடைக்கும் பினாயில், துணிகளுக்கு இடையே இடும் அந்துருண்டை ஆகியவை பூனைக்கு நஞ்சு. பூனை தன் பாதங்களை நக்கித் தூய்மை செய்யும் இயல்புடையது. ஆதலால், தரையில் பூசியது அதன் வயிற்றுக்குள் சென்றுவிடும். குட்டி இருக்கும் அறையை வெந்நீரும் சிறிது சோப்பும் கொண்டு துடைத்து, நன்கு உலரவிடுதல் போதும்.

மருந்து: மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கவல்லது. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்களுக்கெனச் செய்யப்பட்ட உண்ணி மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பொருளும் அவ்வாறே கொடியது. ஒருவருக்கு நன்மை செய்யும் மருந்து மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்பதை மறவாதீர்கள்.

மலர்: பூங்கொத்துகளில் வரும் லில்லி மலர் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவதுகூட ஆபத்தே. அம்மலர் பூனை உள்ள வீட்டுக்குள் வருதல் கூடாது.

கருவிகள்: துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்குமுன் அதன் உள்ளே பாருங்கள். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கருவி எரியும்போது குட்டிகளைத் தனியே விடாதீர்கள்.

3. முதல் நாள்: ஓர் அறை போதும்

பெரிய இடம் குட்டிக்கு மகிழ்ச்சி தரும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. எங்கு ஒளிவது, எங்கு உணவு, எங்கு கழிவிடம் என்று அறியாத குட்டிக்குப் பெரிய வீடு அச்சத்தையே தரும். எனவே, அமைதியான ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். அவ்வறையில் இருக்க வேண்டியவை இவை: பழைய அட்டைப்பெட்டி ஒன்று, அதனுள் மென்மையான துணி, ஒரு மூலையில் உணவும் நீரும், அதற்கு எதிர்மூலையில் மணல் தட்டு, நகம் கீற ஒரு சாக்குத்துண்டு. அட்டைப்பெட்டியின் வாயிலைச் சிறிதாக வெட்டுங்கள். ஒளிந்துகொள்ள இடம் உண்டு என்று அறிந்த குட்டியே துணிந்து வெளியே வரும்.

தாயும் குட்டிகளும் படுத்திருந்த துணியில் ஒரு துண்டைக் கேட்டுப் பெற்றுப் பெட்டியில் விரியுங்கள். பூனை மணத்தால் உலகை அறியும் உயிரினம். பழகிய மணம் அதன் அச்சத்தைத் தணிக்கும்.

குட்டிகளைக் கூடையோடு அவ்வறையில் வைத்து, கூடையின் கதவைத் திறந்துவிட்டு விலகி அமருங்கள். கையை விட்டு அவற்றை வெளியே இழுக்காதீர்கள். அண்டை வீட்டு நண்பர்களை அன்றைக்கே அழைக்காதீர்கள். குட்டி பெட்டிக்குள் பதுங்கினால் பதுங்கட்டும். நீங்கள் தரையில் அமர்ந்து உங்கள் பாடத்தை மெல்லிய குரலில் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் குரலும் மணமும் அதற்குப் பழகிவிடும்.

முதல் இரவில் குட்டிகள் தாயைத் தேடிக் கத்தக்கூடும். குளிர் மிகுந்த இரவுகளில் பெட்டிக்குள் கூடுதலாக ஒரு கம்பளித் துண்டை இடுங்கள். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கப் பெரியவர்களிடம் கூறுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். வெப்பம் மிகுந்தால் குட்டிகள் விலகிக்கொள்ளும்.

4. உணவும் நீரும்

பூனை என்றவுடன் பால் நினைவுக்கு வருகிறது. கம்பர் தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட முனைந்த ஒரு பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். ஊரில் இருக்கும் பாட்டியும் தொலைபேசியில் முதலில் கேட்பது, "பால் வைத்தாயா?" என்பதாகத்தான் இருக்கும். பூனை பாலை விரும்பிக் குடிக்கும் என்பது உண்மையே. ஆனால், விரும்புவது வேறு, செரிப்பது வேறு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பால்குடி மறந்த பூனைக்குக் குறைந்துவிடுகிறது. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு ஏற்படலாம். சிறிய உடலிலிருந்து நீர் வெளியேறினால், அது விரைவில் சோர்ந்துவிடும். எனவே, குட்டிக்கு எப்போதும் தூய நீரையே வைத்தல் வேண்டும்.

தயிர்ச்சோறும் பால்சோறும் மட்டும் பூனைக்குப் போதா. டாரின் என்னும் சத்து அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. அது நெடுநாள் கிடைக்காத பூனை பார்வை இழக்கும்; அதன் இதயமும் நலியும். ஆகவே, குட்டிகளுக்கென்று செய்யப்பட்ட உணவே முதன்மையாக அமைதல் வேண்டும். வேகவைத்து எலும்பும் முள்ளும் நீக்கிய கோழியிறைச்சியோ மீனோ சிறிதளவு சேர்க்கலாம். உப்பும் மசாலாவும் கூடா. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை. ஆதலால், சாம்பாரோ குழம்போ கலந்த சோற்றை இடுதல் கூடாது.

குட்டியின் வயிறு சிறியது. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை, சிறிது சிறிதாக உணவு வையுங்கள். முன்பு உண்டுவந்த உணவையே முதல் சில நாள்களுக்குக் கொடுத்து, ஒரு வார காலத்தில் மெல்ல மாற்றுங்கள். குட்டி அரை நாளுக்கு மேல் எதையும் உண்ணாமல் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

5. மணல் தட்டு

விளிம்பு தாழ்ந்த ஒரு தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்புங்கள். உணவுக்குப் பின்னும் உறங்கி எழுந்த பின்னும் குட்டியை மெதுவாக அதன்மேல் விடுங்கள். மண்ணைக் கிளறும் இயல்பு அதற்கு உண்டு, விரைவில் பழகிவிடும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருத்தல் நன்று என்பது பொதுவிதி. நாள்தோறும் கழிவை அகற்றிவிட்டுக் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.

இடம் தவறிக் கழித்தால் அடித்தலோ அதன் மூக்கைத் தேய்த்தலோ கூடாது. அதனால் குட்டி கற்பது ஒன்றே: உங்களைக் கண்டு அஞ்சுவது. தட்டு தூய்மையாக உள்ளதா, உணவுக்கு மிக அருகில் உள்ளதா என்று பார்த்து, குறையை நீக்குங்கள்.

6. நட்பு மலர்தல்

இரண்டாம் நாளோ ஐந்தாம் நாளோ, குட்டி தானாக வந்து உங்கள் விரலை முகரும். அப்போது தலையிலும் கன்னத்திலும் மெல்லத் தடவலாம். வாலை நிமிர்த்திக்கொண்டு உங்களை நோக்கி வந்தால் அது நட்பின் அறிகுறி. காதுகளைப் பின்னுக்கு மடக்கி, முதுகு மயிரைச் சிலிர்த்துச் சீறினால், "இப்போது வேண்டா" என்பது அதன் பொருள். அப்பொழுது விலகிவிடுங்கள். இரு குட்டிகளுள் ஒன்று விரைவில் பழகும்; மற்றொன்று தயங்கும். தயங்கும் குட்டியைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

'பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?' என்பது நம் பழமொழி. அறியாமையைச் சுட்ட அதனைக் கூறுகிறோம். ஆனால், பூனை உங்களைப் பார்த்தவாறு கண்களை மெல்லச் சுருக்கி மூடுவது அறியாமை அன்று, நம்பிக்கையின் அடையாளம். மனிதர் ஒருவர் பூனையைப் பார்த்து மெல்லக் கண்சிமிட்டினால் அதுவும் அவ்வாறே சிமிட்டுவதையும், அவரை நோக்கி வர விழைவதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர். நீங்களும் முயன்று பாருங்கள்.

கைவிரலை அசைத்து விளையாட்டுக் காட்டாதீர்கள். விரல் கடிக்கத்தக்க பொருள் என்று குட்டி கற்றுக்கொள்ளும். குச்சியில் கட்டிய துணியைக் கொண்டு விளையாடுங்கள். முடிந்ததும் அதனை எடுத்து வைத்துவிடுங்கள். குட்டிகள் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். உறங்கும் குட்டியை எழுப்புதல் கூடாது.

முதல் அறையில் குட்டிகள் அச்சமின்றி உண்டு, விளையாடி, உறங்கத் தொடங்கிய பின், அடுத்த அறையின் கதவைத் திறந்துவிடுங்கள். அட்டைப்பெட்டி பழைய இடத்திலேயே இருக்கட்டும். அஞ்சினால் ஓடி வர அதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா?

7. மருத்துவரும் தடுப்பூசியும்

வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் குட்டிகளைக் காட்டுதல் வேண்டும். குடற்புழு நீக்கும் மருந்தை அவர் அளவறிந்து கொடுப்பார். பூனைகளுக்குரிய கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், குட்டிக்கு ஏறத்தாழ 16 வாரம் ஆகும்வரை போடப்படும். ரேபிஸ் எனப்படும் வெறிநோய்க்கான தடுப்பூசி 3 மாத வயதில் போடப்படும். கருத்தடை அறுவை குறித்தும் பெற்றோர் அவரிடம் கேட்டறியலாம்.

பூனை கடித்தாலோ கீறினாலோ மறைக்காதீர்கள். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பின்னர் உடனே பெற்றோரிடம் கூறி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பூனை கொல்லப்படுமோ, திட்டு விழுமோ என்று அஞ்சி மறைத்தால் அது உங்கள் உயிருக்கே கேடாகும். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் அதிலிருந்து மீள்வது மிக அரிது; உரிய காலத்தில் போடும் ஊசியால் அதனைத் தடுக்க முடியும்.

8. மீண்டும் இடமாற்றம் வந்தால்

நன்கு பேணப்படும் வீட்டுப்பூனை 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். நம் பெற்றோர் ஓர் ஊரில் பணியாற்றுவது மூன்று அல்லது நான்கு ஆண்டுகளாக இருக்கலாம். இவ்விரு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இன்று வரும் குட்டி, நீங்கள் பள்ளிப்படிப்பை முடித்த பின்னரும் உங்கள் வீட்டில் இருக்கும். இடையில் மூன்று ஊர்களையேனும் பார்க்கும்.

பணிமாற்ற ஆணை வந்ததும் வளர்த்த பூனையைப் படிக்கட்டில் விட்டுச் செல்லும் வீடுகளும் உண்டு. "பூனைதானே, பிழைத்துக்கொள்ளும்" என்பர். வலை அடித்த வீட்டில் வளர்ந்த பூனை இரை தேடவும் அறியாது. தெருநாயிடமிருந்து தப்பவும் அறியாது. பூட்டிய கதவின் முன் அது காத்திருக்கும். வளர்க்கும் விலங்கைத் தக்க காரணமின்றிப் பசியும் தாகமும் உறும் நிலையில் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஆகவே, குட்டியை அழைத்து வரும் நாளிலேயே, "அடுத்த ஊருக்கும் இதனை அழைத்துச் செல்வோமா?" என்று வீட்டார் பேசி முடிவு செய்யுங்கள். 'ஆம்' எனில், பயணக் கூடையில் அமர்ந்து பழக இப்போதே பயிற்சி கொடுங்கள். தொடர்வண்டியில் கொண்டு செல்வதற்கான விதிகளை முன்கூட்டியே நிலையத்தில் கேட்டறியுங்கள். புதிய ஊரை அடைந்ததும், மீண்டும் ஓர் அறை, அதே துணி, அதே பெட்டி என்று தொடங்குங்கள். 'இயலாது' எனில், குட்டியை அழைத்து வராமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. அண்டை வீட்டுப் பூனையோடு பழகலாம். படிக்கட்டுப் பூனைக்கு வெயில் நாளில் ஒரு கிண்ணம் நீர் வைக்கலாம். அதுவும் அன்பே.

அறிந்துகொள்வோம்

• பூனைக்குப் 'பூசை' என்ற பெயரும் உண்டு. காட்டுப்பூனையை 'வெருகு' என்பர்.
• விலங்குகளின் இளமைப்பெயர்களைத் தொல்காப்பியத்தின் மரபியல் தொகுத்துக் கூறுகிறது. வெருகின் இளமைப்பெயர் 'குட்டி'. 'பறழ்' என்றும் கூறலாம்.
• முடிவெடுக்க இயலாமல் தயங்குபவரை 'மதில்மேல் பூனை' என்பது மரபு.
• ஒலிமரபு: பூனை சீறும், நாய் குரைக்கும், யானை பிளிறும், குதிரை கனைக்கும்.

சொற்பொருள்

ஈற்று – ஒரு முறை ஈன்றது
பால்குடி மறத்தல் – தாய்ப்பால் குடிப்பதை விடுதல்
புலால் – இறைச்சி
இடர் – துன்பம், ஆபத்து
ஊறு – தீங்கு
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
இசைதல் – உடன்படுதல்

பயிற்சி

அ. சரியா, தவறா எனக் கூறுக.
1. குட்டி வந்த நாளிலேயே வீடு முழுவதையும் அதற்குத் திறந்துவிடுதல் நன்று.
2. பூனையின் வாயில் தொங்கும் நூலை உடனே இழுத்துவிட வேண்டும்.
3. பூனை கீறிய காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. குட்டியைத் தாயிடமிருந்து ______ வாரம் நிறைவதற்கு முன் பிரித்தல் கூடாது.
2. பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய சத்து ______.
3. காட்டுப்பூனையின் மற்றொரு பெயர் ______.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தனித்துக் கிடக்கும் குட்டியை உடனே தூக்கி வரக் கூடாது, ஏன்?
2. பினாயில் பூனையின் வயிற்றுக்குள் எவ்வாறு செல்கிறது?
3. குட்டிக்கு ஒளிந்துகொள்ளும் இடம் ஏன் தேவை?

ஈ. பத்து வரிகளில் விடை எழுதுக.
1. நீங்கள் புதிய ஊருக்கோ புதிய வகுப்புக்கோ வந்த முதல் நாளில் உங்களுக்கு உதவியாக இருந்தது எது? அதனைப் பூனைக்குட்டியின் முதல் நாளோடு ஒப்பிட்டு எழுதுக.
2. 'இயலாது எனில், அழைத்து வராமல் இருப்பதே நன்மை' – இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.

உ. உரையாடல் எழுதுக.
ஊரில் இருக்கும் பாட்டி தொலைபேசியில், "குட்டிக்குப் பால் வைத்தாயா?" என்று கேட்கிறார். அவர் மனம் வருந்தாத வகையில், மரியாதையுடன் நீங்கள் விளக்கம் கூறுவதாக எட்டு உரைத்தொடர்களில் உரையாடல் அமைக்க.

ஊ. செயல்பாடு
உங்கள் வீட்டுத் தரையில் அமர்ந்து சுற்றிலும் பாருங்கள். ஒரு சிறு குட்டிக்கு இடர் தரக்கூடிய ஐந்து பொருள்களைத் தமிழில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எவ்வாறு அகற்றுவீர்கள் என எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.